சூசன்னாவின் வழக்கும் ஈராண்டுக் கல்லூரியும்

‘ஈராண்டுக் கல்லூரிதானே! பிழைப்புக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகட்டும்; அங்கே ஆழ்ந்த படிப்பு எதற்கு?’ அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேட்கும் குரல் இது. குற்றவியல் நீதி பயில வரும் மாணவரிடம் இக்குரல் இன்னும் உரத்தே ஒலிக்கிறது. காவலராகவோ சிறைக்காவலராகவோ போகிறவருக்கு விலங்கு பூட்டவும் அறிக்கை எழுதவும் தெரிந்தால் போதாதா, செய்தித்தாளையும் தொலைக்காட்சியையும் பற்றி அவர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இக்கருத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி எளிமையாகப் பிறந்தது இக்கல்லூரி இயக்கம். 1947இல் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரை நாடெங்கும் நிலைநாட்டியது. குற்றவியல் பாடங்கள் பெருகியதோ 1968க்குப் பின்னரே. காவல்துறையினர் கல்லூரியில் பயிலக் கடனும் உதவித்தொகையும் தர அவ்வாண்டுச் சட்டம் வழி செய்தது. பணம் வந்தது, பாடங்களும் வந்தன. பணத்தைக் கண்டு முளைத்த பாடம் எப்படி இருக்கும்? காவலர் கல்வியை ஆராய்ந்த தேசியக் குழு ஒன்று 1978இல், பல பாடத்திட்டங்கள் குறுகிய தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டதைக் கடுமையாகச் சாடியது. அந்நோய் இன்னும் முற்றும் நீங்கியபாடில்லை என்பதே நம் கணிப்பு.

வகுப்பறைக்குள் நுழையும் மாணவர் வெறும் பலகையாக வருவதில்லை. 1989இல் தொடங்கிய ‘காப்ஸ்’ போன்ற தொடர்கள் காவலரின் வண்டியில் ஏறி, அவருடைய தோளுக்குப் பின்னிருந்தே உலகைக் காட்டின. துரத்தப்படுகிறவனின் வீட்டுத் திண்ணையிலிருந்து அவை எதையும் காட்டியதில்லை. திரைப்படத்திலோ ஒவ்வொரு வழக்கும் ஜூரிகளின் முன் அனல் பறக்கும் வாதமாக முடிகிறது. உண்மை என்ன? கூட்டாட்சி நீதிமன்றங்களில் 100க்கு 97 தண்டனைத் தீர்ப்புகளும் மாநில நீதிமன்றங்களில் 94உம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாலேயே வருகின்றன என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் எடுத்துரைத்தது. குறைந்த தண்டனைக்கு ஈடாக ‘ஆம்’ என்று சொல்ல வைக்கும் பேரமே அங்கு வழக்கு மன்றமாகிவிட்டது. கண்ணால் கண்ட பொய்யை அழித்தபின் அல்லவா இந்த மெய்யை எழுத வேண்டும்? அதை அழிக்கும் பாடம் ஊடகப் பாடமே.

1989 ஏப்ரலில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் இளம்பெண் ஒருத்தி கொடூரமாகத் தாக்கப்பட்டாள். 14 முதல் 16 வயது வரையுள்ள ஐந்து சிறுவர்கள் மீது பழி விழுந்தது. நால்வர் கறுப்பர், ஒருவர் லத்தீன் அமெரிக்கர். செய்தித்தாள்கள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்று எழுதின. விசாரணை தொடங்கு முன்பே, மே முதல் நாளில், அப்போது கட்டட வணிகராயிருந்த டொனால்ட் டிரம்ப் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரக் கோரி நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். நீண்ட விசாரிப்பில் பெற்ற வாக்குமூலங்கள் இருந்தன. மரபணுச் சோதனையோ ஐவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஆயினும் தண்டனை கிடைத்தது. 2002இல் வேறொருவர் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார்; மரபணு அவரோடு பொருந்தியது; தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014இல் நகராட்சி 4 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீடு தர உடன்பட்டது. அந்த ஐவரில் ஒருவரான யூசுப் சலாம் 2023இல் அந்நகர மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வழக்கில் தவறியது யார்? காவல்துறையா, பத்திரிகையா? பிரித்துச் சொல்ல முடியாது. காவலர் தந்ததைப் பத்திரிகை அச்சிட்டது. அச்சில் வந்ததை மக்கள் நம்பினர். மக்களின் சினத்துக்கு அரசு வழக்கறிஞர்கள் செவிசாய்த்தனர். இவ்வட்டத்தை உடைக்க வேண்டிய இருவரை இரு வேறு கட்டடங்களில் அமர்த்தி, ஒருவருக்குச் சட்டப் பிரிவுகளையும் மற்றவருக்கு ஒளிப்படக் கோணங்களையும் மட்டும் கற்பித்தால் அது கல்வியாகுமா? பிணையில் விடப்படுவதற்கும் விடுதலைக்கும் வேறுபாடு அறியாத நிருபர் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தை ஊரை விட்டே ஓட்டும்.

விவிலியத்தை வாசிக்கும் நமக்கு இது புதிதன்று. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவைச் சாவுக்குத் தீர்ப்பிட்ட கூட்டம், குற்றம் சாட்டிய இருவரும் முதியோர், அதுவும் நடுவர் என்பதால் நம்பிவிட்டது. இளைஞன் தானியேல் செய்தது வியத்தகு அருஞ்செயலன்று. சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் என்று கேட்டான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். குறுக்கு விசாரணையையும் செய்தியைச் சரிபார்க்கும் கலையையும் ஒருங்கே அறிந்தவன் அவன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஆணையும், செய்தி உண்மையாயிருப்பதோடு நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்றே கேட்கிறது.

இப்பாடம் பெரும் பல்கலைக்கழகங்களுக்கு உரியது, ஈராண்டுக் கல்லூரிக்கு மிகை என்பார்க்கு ஒரு சொல். பகலில் கடையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்களிடமிருந்தே நாளைய காவலர் வருகிறார். காவலரால் நிறுத்தி விசாரிக்கப்படுகிறவரும் பெரும்பாலும் அதே தெருவினர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் சிறையாளிகளுக்குப் பெல் உதவித்தொகையை மறுத்தது. 2023 ஜூலையில் அது மீண்டும் கிடைத்தது. ஆகவே சிறைக்காவலர் ஆகப்போகிறவருக்கும் சிறைக்குள் இருப்பவருக்கும் ஒரே கல்லூரியின் பாடம் எட்டக்கூடும். இத்தகைய வகுப்பறை எந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு வாய்க்கும்?

நம் வீட்டையும் பார்ப்போம். 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றியபோது அவ்வியக்கத்தை வளர்த்ததில் திருச்சபைக்கும், சிறப்பாக இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்சுக்கும், பெரும் பங்குண்டு. செவிலியர் உதவியும் குளிர்சாதனப் பழுதுநீக்கமும் கற்பித்து ஏழை இளைஞர் பலரைக் கரையேற்றிய பணியை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அங்கே பயிலும் இளைஞனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனால் அவன் எதைக் கேட்கலாம், எதில் கையொப்பமிட மறுக்கலாம் என்று யார் சொல்லித் தருகிறார்கள்? பெருஞ்செலவு தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு வழக்கின் முதல் தகவல் அறிக்கையையும், அதே வழக்கைப் பற்றி மறுநாள் வந்த நாளிதழையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு வாசிக்கச் செய்யட்டும்.