ஓதியவனுக்கு ஒரு கட்டம்

ஓசூர்-ராயக்கோட்டைச் சாலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டுகின்றன. பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ என்று ஒவ்வொரு படிப்புக்கும் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் இன்று ஒரு விலை உண்டு. மதரசாவில் ஏழெட்டு வருடம் ஓதி ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஆனவன் அந்தப் படிப்பை எழுத மட்டும் விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

மதரசா என்றாலே முகம் சுளிப்பவர்கள் அங்கே ஓதும் கிதாபில் ஒரு பக்கத்தையாவது பார்க்கலாம். நடுவில் மூலம், சுற்றிலும் உரை, ஓரத்தில் பொடி எழுத்தில் உரைக்கு உரை. இப்னுல் ஹாஜிபின் ‘காஃபியா’ பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூல். அதில் ஒரு வரியை ஆசிரியரான ஹஜ்ரத் வாசித்துவிட்டு, யார் மறுத்தார், மறுப்புக்கு யார் பதில் சொன்னார் என்று போனால் பாடவேளை முடிந்துவிடும். நன்னூலை மயிலைநாதர் உரையோடும் சங்கர நமச்சிவாயர் உரையோடும் ஒப்பிட்டுப் படித்தவர்களுக்கு இந்த ருசி தெரியும். (அப்படிப் படிப்பவர்களுக்கும் வேலை கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

இந்தப் படிப்பு எங்கோ வடக்கே தேவ்பந்த் மதரசாவின் சமாச்சாரமும் அல்ல. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரசா இருக்கிறது. குர்ஆனை முதன்முதலில் முழுமையாகத் தமிழாக்கிய ஆ.கா.அப்துல் ஹமீதின் ‘பாகவி’ பட்டம் அங்கிருந்து வந்ததுதான். ஆம்பூர்ப் பக்கம் உமராபாதில் காக்கா முகம்மது உமர் 1924இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கிறது.

படிப்பு இருக்கிறது, அங்கீகாரம்தான் சிக்கல். உத்தரப் பிரதேச மதரசா சட்டம் செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, இளநிலைக்கும் முதுநிலைக்கும் ஈடாக மதரசா வாரியம் வழங்கிய காமில், ஃபாஸில் பட்டங்கள் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது. சட்டப்படி சரியாக இருக்கலாம். படித்தவன் எங்கே போவான்? பத்தாம் நூற்றாண்டில் எழுந்த கெய்ரோவின் அல்அஸ்ஹர், 1961 சட்டத்துக்குப் பிறகு மருத்துவத்தையும் பொறியியலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒரே நிறுவனத்துக்குள் மார்க்கக் கல்வி, நவீனக் கல்வி இரண்டும் நடக்கின்றன.

பழி முழுவதும் அரசுடையது அல்ல. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத வைக்காமலே பிள்ளைகளைப் பட்டம் கட்டி அனுப்பும் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் உருது, தெருவில் தெலுங்கும் கன்னடமும், பள்ளிவாசலில் அரபு என்று வளரும் எல்லையோரப் பிள்ளைக்குத் தமிழை ஒழுங்காகக் கற்பிக்காததும் அவர்கள் குறைதான்.

ஓசூர், கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆலிம்களுக்கு ஒரு தகுதித் தேர்வு வைத்து, தேறியவர்களைப் பட்டப்படிப்பில் சேர்க்க அரசு ஆணையிட வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.