மஞ்சள் விளக்கை யார் வாசிப்பது? முதுமையடையும் வாகனங்களும் குடாநாட்டின் பழுதுபார்ப்புப் பொருளாதாரமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி வந்தாலும் வரிச் சுமையும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து புதிய வாகனத்தைப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாகவே வைத்திருக்கின்றன. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையிலும் அதன் சுமை இருக்கிறது. இதனால் குடாநாட்டு வீதிகளில் இன்று ஓடும் அக்குவா, வகன் ஆர், அல்ரோ, ஹையேஸ் வாகனங்களில் பல, உரிமையாளர் மாற்ற நினைத்த காலத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வயதாகும் வாகனத்தில் ஒருநாள் அந்த மஞ்சள் விளக்கு எரியும். என்ஜின் வடிவத்தில் இருக்கும் ‘செக் என்ஜின்’ விளக்கு. வான் ஒன்றை லீசிங்கில் எடுத்து, யாழ். போதனா வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றி இறக்கிப் பிழைப்பவருக்கு அந்த விளக்கு சாதாரண விடயமல்ல. வாகனம் கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை, மாதத் தவணையோ நிற்பதில்லை. கணவனை இழந்து குடும்பச் சுமையைத் தாங்கும் பெண்ணுக்கு, கராஜில் சொல்லப்படும் தொகை சரியா பிழையா என்று சரிபார்க்க எந்த வழியும் இல்லை. ஆகவே பலர் விளக்கைக் கண்டும் காணாமல் ஓடுகிறார்கள். சிலர் சொன்ன காசைக் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் ‘லைற்றை அழித்துத் தாருங்கள்’ என்று மட்டும் கேட்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் அப்பால் நான்காவது வழி ஒன்று உண்டு. விளக்கு ஏன் எரிகிறது என்பதை உரிமையாளரே வாசித்துத் தெரிந்துகொள்வதுதான் அது. அதற்குத் தேவையான கருவி ஒரு ரயரின் விலையை விடக் குறைவு.

பழுதைக் காதால் கேட்ட காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் உள்ளிட்ட பல பொருட்கள் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அந்தத் தடையினூடாக எங்களை ஏற்றிச் சென்றவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள். சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, சூடேறிய பின்னர் ஆவியாகும். அழுத்தம் குறைந்த பழைய என்ஜினும் காபரேற்றரும் அதைச் சகித்துக்கொண்டன. புகை வந்தது, ஒயில் நீர்த்துப்போனது, ஆயினும் வண்டி ஓடியது.

அந்தத் திறமை தற்செயலானதல்ல. பழுது கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரியக்கூடியதாக இருந்தது. மூடியைத் திறந்தால் எல்லாம் வெளியில் இருந்தது. உதிரிப்பாகம் இல்லாவிட்டாலும் அறிவு உள்ளூரில் இருந்தது.

2002 இல் தடைகள் தளர்ந்து ஏ9 வீதி திறந்தபோதும், 2009 இன் பின்னரும் வந்து சேர்ந்த வாகனங்கள் வேறு வகையானவை. அவற்றில் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரு கணினி தீர்மானிக்கிறது. பழுதையும் அதுவே பதிந்து வைக்கிறது. தடைக் காலத்தில் பொருள் இல்லை, அறிவு இருந்தது. இப்போது பொருளைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ஒரே இரவில் பஸ்ஸில் எடுப்பிக்கலாம். ஆனால் எந்தப் பொருள் தேவை என்ற தகவல் உரிமையாளரின் கையில் இல்லை.

விளக்கின் பின்னால் என்ன நடக்கிறது?

என்ஜினைச் சுற்றியுள்ள சென்சர்கள் காற்றின் அளவு, வெப்பநிலை, புகையில் எஞ்சும் ஒட்சிசன் போன்றவற்றைக் கணினிக்கு அறிவிக்கின்றன. எதிர்பார்த்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இடையில் பொருத்தம் இல்லையெனில் கணினி ஒரு குறியீட்டைப் பதிகிறது. பல பழுதுகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தென்பட்ட பின்னரே விளக்கு எரியும். குறை நீங்கினால், பொதுவாக மூன்று ஓட்டங்களின் பின்னர் அது தானாகவே அணையும்.

இந்த முறை அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஸ்ரேறிங்கின் கீழே, காலுக்கு மேலே 16 முனைகள் கொண்ட ஒரு செருகி இருக்கும். புளூடூத் ஸ்கானர் ஒன்றை அதில் செருகி, கைப்பேசிச் செயலியுடன் இணைத்தால் குறியீடு திரையில் வரும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரான பழைய கார்கள் சில மலிவான ஸ்கானருடன் பேசாது. எனவே அதே ரக வாகனம் வைத்திருக்கும் ஒருவரிடம் விசாரித்த பின்னரே வாங்குவது நல்லது.

கருவியைச் செருகுவதற்கு முன்னர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழமைபோல் ஓடினால் மெதுவாக வீடு வந்து பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் என்ஜினில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்த வேண்டும். சிவப்பு ஒயில் விளக்கோ சிவப்பு வெப்ப விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும் றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது.

குறியீடு தீர்ப்பல்ல

குறியீடு எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

பி0301 என்பது முதலாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதைக் குறிக்கும். கொயிலும் பிளக்கும் சந்தேகத்துக்குரியவை. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதலாம் சிலிண்டரின் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓடிப்பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் பிழை அந்தக் கொயிலில்தான். மாறாவிட்டால் பிளக்கையும் வயரையும் பார்க்க வேண்டும். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் எல்லாக் கொயில்களையும் மாற்றியவர்கள் உண்டு.

பி0171 என்றால் காற்று அதிகம், பெற்றோல் குறைவு. எங்கள் வெயிலில் வெடித்த ஒரு றப்பர் குழாயே காரணமாக இருக்கலாம். பி0128 என்றால் என்ஜின் உரிய சூட்டை அடையவில்லை. ‘இது வெயில் நாடுதானே’ என்று தேமோஸ்ரற்றைக் கழற்றிவிடும் பழக்கம் இங்கே உண்டு. அப்படிக் கழற்றிய வண்டி இந்த விளக்கைக் காட்டும், பெற்றோலையும் கூடுதலாகக் குடிக்கும். பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிக் பகுதி குறித்த எச்சரிக்கை. ஆனால் புகைக்குழாயில் உள்ள ஓட்டையோ பழுதான ஒட்சிசன் சென்சரோ அதே குறியீட்டைத் தரக்கூடும். அந்தப் பகுதிக்குள் பிளாற்றினம், பலேடியம் போன்ற விலைமதிப்புள்ள உலோகங்கள் இருக்கின்றன. மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

குடாநாட்டுக்கே உரிய காரணங்களும் உள்ளன. பண்ணை வீதியால் தீவகத்துக்கு ஓடும் வாகனங்களிலும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களிலும் உப்புக் காற்று வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். இணைப்பைக் கழற்றித் துப்புரவாக்கினாலே சில விளக்குகள் அணைந்துவிடும். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய நீர். கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றருக்குள்ளும் படியும். அதற்குக் கூலன்ற், அவசரத்துக்கு வடித்த நீர் என்பதே சரியான வழி. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகளுக்காக மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும் காரில் பற்றரி இறங்கியிருக்கும், வயர்களை எலி கடித்திருக்கும். பற்றரி இறங்கினாலே சம்பந்தமில்லாத பல குறியீடுகள் ஒன்றாகத் தோன்றும். அவற்றைக் கண்டு பயப்படாமல் முதலில் பற்றரியைச் சோதிக்க வேண்டும்.

ஹைபிரிட் உரிமையாளர்கள் அதிகம் அஞ்சுவது பி0ஏ80 குறியீட்டுக்கு. பெரிய பற்றரித் தொகுதி பலவீனமடைந்ததை அது காட்டுகிறது. அக்குவாவில் அந்தப் பற்றரி பின் இருக்கையின் கீழ் உள்ளது. அதைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையின் பக்கத்தில் உள்ள துளைகளால் செல்கிறது. பைகளாலும் துணிகளாலும் அந்தத் துளைகளை மூடி வைப்பதும், தூசு அடைக்க விடுவதும் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். அவற்றைத் துப்புரவாக வைத்திருப்பதுடன் உரிமையாளரின் வேலை முடிகிறது. 144 வோல்ற் மின்சாரம் உள்ளே இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சி பெறாத எவரும் தொடக்கூடாது.

அழிப்பது திருத்துவதல்ல

ஸ்கானரில் ‘அழி’ என்ற பொத்தானும் இருக்கிறது. பற்றரி வயரைக் கழற்றினாலும் பல கார்களில் விளக்கு அணையும். ஆனால் குறியீட்டுடன், பழுது ஏற்பட்ட கணத்தில் என்ஜினின் வேகம், வெப்பம் என்னவாக இருந்தன என்ற பதிவும் அழிந்துபோகும். திருத்துபவருக்கு இருந்த ஒரே சாட்சியம் அதுதான். ஆகவே குறியீட்டையும் அந்தப் பதிவையும் முதலில் படம்பிடித்து வையுங்கள். காரணத்தைத் திருத்துங்கள். அதன் பிறகே அழியுங்கள். ஓடிப்பார்த்து விளக்கு திரும்பவில்லை என்றால்தான் வேலை முடிந்தது.

இந்த ‘அழி’ பொத்தான் பாவித்த வாகனச் சந்தையில் ஆபத்தானதாகவும் மாறியிருக்கிறது. புதிய வாகனம் எட்டாத நிலையில், வெளிநாட்டில் இருந்து பிள்ளை அனுப்பிய காசிலும் லீசிங்கிலும் பழைய கார்களே கைமாறுகின்றன. விற்பதற்கு முதல்நாள் விளக்கை அழித்துவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டால் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ அதைத் துண்டித்திருக்கக்கூடும். இரண்டாவது, அழித்த பின்னர் கணினி தன் உட்சோதனைகளைப் புதிதாகத் தொடங்குகிறது. ஸ்கானரில் பல சோதனைகள் ‘முடிவுறவில்லை’ என்று காட்டினால் நினைவகம் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். சில நாட்கள் ஓடிய பிறகு மீண்டும் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அறிவு ஊருக்குத் திரும்ப வேண்டும்

இதை மெக்கானிக்குகளுக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறியீட்டுடன் வரும் வாடிக்கையாளர் நேர்மையான மெக்கானிக்கின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். போரின்போது படிப்பை இழந்து, கராஜில் வேலை பழகியே தொழில் கற்ற பலரிடம் கையின் அறிவு நிறைய இருக்கிறது. ஆனால் ஸ்கானர் திரையும் உற்பத்தியாளரின் கைந்நூலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் முழுநேர மாணவர்களுடன் நின்றுவிடாமல், தொழிலில் இருப்பவர்களுக்கும் சாரதிகளுக்கும் தமிழில் குறுகியகால வகுப்புகளை நடத்த முன்வர வேண்டும். பிரதேச சபைகளும் சாரதிகள் சங்கங்களும் ஒரு ஸ்கானரை வாங்கிப் பொதுவில் வைக்கலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

உலகிலும் இது ஓர் உரிமைப் பிரச்சினையாகவே பார்க்கப்படுகிறது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாக்களித்து, வாகனத்தின் பழுதுத் தகவலை உரிமையாளருக்கும் சுயாதீன கராஜுகளுக்கும் வழங்குமாறு உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை அங்கீகரித்தார்கள். இங்கே அத்தகைய சட்டம் வரும்வரை, கையிலிருப்பதைப் பயன்படுத்தலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது வியாபாரியின் கடமை. மாற்றிய பாகத்தின் பெயரை அதில் எழுதிக் கேட்பதும், பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

ஒரு துளி பெற்றோலில் என்ஜினை எழுப்பிய ஊர் இது. அந்த ஆற்றல் இங்கிருந்து போய்விடவில்லை. இயந்திரம் மாறியிருக்கிறது, அதை வாசிக்கும் மொழி மாறியிருக்கிறது. அந்த மொழியைச் சாரதிகளும் கராஜ் பிள்ளைகளும் கற்றுக்கொண்டால், ஒரு மஞ்சள் விளக்குக்காக ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போகும் நிலையைக் குறைக்க முடியும்.