மெல்லக் கசியும் காற்று



மன்னாரில் நான் களப்பணிக்குச் செல்லும் ஊரொன்றில் ஓர் அக்கா, தனது பழைய காரில் அயல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். முன்பக்க இடது சில்லில் மூன்று நாளைக்கொரு தடவை காற்றுக் குறைந்துவிடும். ஆணி எதுவும் ஏறவில்லை. "ரயர் பழசு, புதிசு போடுங்கோ" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சீட்டுக்காசு கைக்கு வரும்வரை காற்றடித்து அடித்தே ஓடினார்.

இது ஆபத்தான பழக்கம். காற்றுக் குறைந்த ரயர் ஓடும்போது பக்கங்கள் மடிந்து மடிந்து சூடேறும். வேகமாக ஓடுகையில் வெடிக்கவும் கூடும். உள்ளே இருப்பவர்கள் பிள்ளைகள் அல்லவா?

இப்போதைய கார்களில் பெரும்பாலும் ரியூப் இல்லாத ரயர்களே உள்ளன. ரயரின் விளிம்பு றிம்மோடு இறுகப் பொருந்தியிருப்பதால்தான் உள்ளே காற்று நிற்கிறது. கடற்கரை உப்புக்காற்றில் றிம் துருப்பிடித்தாலோ, குழியில் விழுந்து வளைந்தாலோ அந்தப் பொருத்தம் விட்டுப்போகும்.

இதைக் கண்டுபிடிக்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும். காற்றை உரிய அளவுக்கு அடித்து, றிம் ஓரம் முழுவதும், வால்வைச் சுற்றியும் பூசிச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். உட்பக்கம் பார்க்கச் சில்லைக் கழற்ற வேண்டும். அதைக் கடையில் செய்விக்கலாம்.

அக்காவும் நானும் அப்படிப் பார்த்தபோது றிம் ஓரத்தில் பொடிக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. வேறொரு கடைக்குப் போய், "தம்பி, ரயரைக் கழற்றி றிம் ஓரத்தைத் துப்புரவாக்கித் தாங்கோ" என்று கேட்டார். அவர் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஓரத்துக்கென விற்கும் பசையைப் பூசி, வால்வையும் மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். காற்று நின்றுவிட்டது. சீட்டுக்காசு மகளின் ரியூசனுக்குப் போனது.

ஆனால், றிம் வெடித்திருந்தாலோ, ரயரின் விளிம்பு கிழிந்திருந்தாலோ பசையை நம்ப வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். வளைந்த றிம்மைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தவும் விடாதீர்கள். காற்றின் சரியான அளவு பெரும்பாலும் சாரதிக் கதவோரத் தகட்டில் இருக்கும். மாதம் ஒரு தடவையேனும், ஓடுவதற்கு முன் காலையில் அளந்து பாருங்கள்.

வாகனம் ஆண்களின் விடயம் என்று நாம் ஒதுங்கினால், நட்டம் எமக்குத்தான். "எங்கே கசிகிறது, காட்டுங்கோ" என்று கேட்கப் பழகுவோம்.