கலைக்கு மானியம்: எடை போடுவது யார்? எந்தத் தராசில்?

பறை அடிக்கிறவனுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுமா? தேவையில்லை என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் அவன் குழுவுக்கு அரசு உதவி வேண்டுமென்றால் ஆங்கிலமோ இந்தியோ தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும்!

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் கலை நிகழ்ச்சிக்கும் புதிய படைப்புக்கும் ஒரு சங்கத்துக்குச் சாதாரணமாக 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. தேர்ந்தெடுக்கப்படும் கலைஞர்களுக்கு 2 ஆண்டுகள் மாத உதவித்தொகையும் உண்டு: 25 முதல் 40 வயது வரை 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவர்க்கு 20,000. இது பிச்சையல்ல. மான்குர்த்தில் சோப்புக்கட்டி வாங்கும் தாயும் கட்டுகிற வரிப்பணம்.

சரி, யாருக்குக் கிடைக்கிறது? சங்கம் பதிவாகி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் போதாதென்று, 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டமும் உண்டு. இத்தனையும் தாண்டிய பிறகே விண்ணப்பம் வல்லுநர் குழுவின் மேசைக்குப் போகும்.

கணக்குக் கேட்பது தவறல்ல. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் கணக்கு, பணத்தின் நேர்மையைத்தான் காட்டும். கலையின் தரத்தைக் காட்டாது. தரத்துக்குச் சான்றாக நாம் எதை வைப்பது? பத்திரிகைச் செய்தி, நிழற்படம், பழைய அழைப்பிதழ். வடாலாவில் வண்டி மாறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினால் சண்முகானந்தா அரங்கம். அங்கே ஆடினால் பத்திரிகை எழுதும். இங்கே அம்மன் கொடையில் விடிய விடிய நடந்த கூத்துக்கு விமரிசனம் எழுத எவர் வந்தார்? 1976இல், நெருக்கடி நிலையில், ஜனதா காலனியை இடித்துச் சீத்தா கேம்புக்கு விரட்டினார்களே, அந்த மக்களிடம் போய்ப் பழைய அழைப்பிதழைக் கேட்பதா?

தராசிலும் கோளாறு இருக்கிறது. 1953இல் தொடங்கிய சங்கீத நாடக அகாதமியின் விருதுப் பிரிவுகளைப் பாருங்கள். பரதநாட்டியத்துக்குத் தனி இடம், கதக்குக்குத் தனி இடம், கதகளிக்குத் தனி இடம். பறையும் கரகமும் வில்லுப்பாட்டும் இந்தியா முழுவதிலுமுள்ள நாட்டுப்புற, பழங்குடிக் கலைகளோடு ஒரே கூடையில்! 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அளித்தார்கள். மகிழ்ந்தோம். ஆனால் ஒருவர் கழுத்தில் மாலை விழுந்ததால் விதி மாறிவிடாது.

இங்கிலாந்தில் 1946இல் கலை மன்றம் அமைத்தபோது ஒரு நெறி வகுத்தார்கள். பணம் அரசு தரும்; யாருக்கு என்று அமைச்சர் சொல்லக்கூடாது. நல்ல நெறிதான். ஆனால் தேர்வுக் குழு முழுவதும் ஒரே வட்டத்து மனிதர்களாயிருந்தால்? அமைச்சரிடமிருந்து தள்ளி உட்கார்ந்துவிட்டதால் மட்டும் மக்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாகாது.

ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவனுக்குக்கூடத் தன் எண் தெரியும். ஏன் இடமில்லை என்பதும் தெரியும். தள்ளப்பட்ட கலைஞனுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது நான்கு. விண்ணப்பம் தமிழிலும் மராத்தியிலும் எல்லா மொழிகளிலும் இருக்கட்டும். எந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே அச்சிடட்டும். பறையை எடைபோடும் குழுவில் பறை அடித்தவர் ஒருவர் இருக்கட்டும். காகிதத்தை மட்டும் பார்க்காமல் ஆடுகிற இடத்துக்கே வந்து பார்க்கட்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்யுங்கள். நிகழ்ச்சிதோறும் தேதி குறித்துப் படமெடுத்து வையுங்கள். படித்த பிள்ளைகள் ஞாயிறுதோறும் கலைஞர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதட்டும். தள்ளப்பட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, காரணத்தையும் மதிப்பெண்ணையும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கோப்பில் போட்டு மூடுவார்கள். நூறு பேர் கேட்டால் கோப்பைத் திறந்துதான் ஆகவேண்டும்!