நிலம் அறியா இளைஞர்

வருசநாட்டு மலையிற் பிறந்து மயிலாடும்பாறை வழியே ஓடும் வையை எக்கடல் நோக்கிச் செல்கிறது என்றால் விழிக்கும் இளைஞர், நைல் ஆற்றை எங்ஙனம் அறிவர்? குற்றம் அவர்தம்மது அன்று. பத்தாம் வகுப்புவரை குமுகவியலுள் ஒரு கூறாக ஒடுங்கிக் கிடக்கும் ஞாலநூல், அதன்பின் கணக்கும் அறிவியலும் பயில்வார்க்கு அறவே இல்லை.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென வகுத்தார் தொல்காப்பியர். அவர் வழியினர்க்கு இந்நிலையா?

மேலைக்கடல் நோக்கி ஓடிய பெரியாற்று நீர், 1895-இல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்குக் கொணரப்பட்டது நிலமறிவால் அன்றோ? நிலப்படம் படிக்க அறியாதவன் அந்நீரின் உரிமைக்கு எங்ஙனம் வழக்குரைப்பான்?

ஆசிரியப் பெருமக்களே! மாணவரை முதலில் வையைக் கரைக்கு அழைத்துச் செல்க. அங்கு நின்று ஞாலத்தை விரித்துக் காட்டுக! தன் ஆற்றை அறிந்தவனே பிறர் கடலையும் அறிவான்.