பிள்ளையின் படிப்புக்கு யார் பிணை?

சென்ற மாரிக்கு முன் ஒரு தகப்பன் வங்கிப் படிவம் ஒன்றுடன் எம்மிடம் வந்தார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து சிறுவனாக இடம்பெயர்ந்தவர். இன்று பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் மிளகாயும் செய்கிறார். மூத்த மகள் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள்; வெட்டுப்புள்ளி எட்டாதபடியால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அரசின் வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் ஒன்றுதான்: பிணையாளிகள். "சுவாமி, எனக்கு ஆர் கையொப்பம் வைப்பினம்? உறுதி பெட்டிக்குள்ள கிடக்கு. காணி கம்பிக்கு அங்கால கிடக்கு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குள் எமது மக்களின் கடன் பிரச்சினை முழுவதும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

எமது நாட்டில் 1945 இலிருந்து கல்வி இலவசம். கன்னங்கராவின் பெயரை நன்றியோடு சொல்லும் நாம், பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினருக்கே அங்கு இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இடம் கிடைத்த பிள்ளைக்கு மகாபொல அல்லது நிதியுதவி கிடைக்கலாம். 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். இது திருப்பிக் கட்டவேண்டிய பணமல்ல. கட்டவேண்டும் என்று பயந்து விண்ணப்பிக்காமல் விட்ட ஒரு குடும்பத்தையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக 2017 இல் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் வந்தது. அரசு அங்கீகரித்த அரசசார்பற்ற நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிக்க அரச வங்கியூடாகக் கடன்; வட்டியை அரசு பொறுப்பேற்கும். ஆரம்பத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை வழங்கினார்கள். நல்ல திட்டம்தான், நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் வட்டி இல்லையென்றால் முதல் இல்லையென்று ஆகாது. 8 இலட்சத்தை 8 வருடங்களில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதம் 8,333 ரூபா வருகிறது. வேலை கிடைத்த பிள்ளைக்கு அது தாங்கக்கூடிய சுமை. இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்ட பிள்ளைக்கு, பட்டமும் இல்லை, கடனும் கழுத்தில். எனவே கையொப்பமிட முன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அல்லது உயர்கல்வி அமைச்சு அங்கீகரித்துள்ளதா என்று கேளுங்கள். நகரத்தில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருப்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது.

பிணையாளி கிடைக்காதபோது குடும்பம் என்ன செய்கிறது? முதலில் தாயின் சங்கிலி அடைவுக்குப் போகிறது. அடுத்த தவணைக்கட்டணம் வரும்போது வீட்டு வாசலுக்கு வரும் நிதிக் கம்பனிக்காரரிடம் கை நீட்டுகிறது. இந்த இரண்டில் அடைவு குறைந்த தீமை என்பது எமது அபிப்பிராயம். மூழ்கினால் நகை மூழ்கும், அதோடு முடியும். கிழமைக் கடனோ அப்படியல்ல.

அந்தக் கடனின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். "மாதம் 2 வீதம்தான் அக்கா" என்று சொல்லி ஒரு இலட்சம் ரூபா தருகிறார்கள். 24 மாதம். வட்டி 48,000, மொத்தம் 148,000, மாதத் தவணை 6,167 ரூபா. பார்வைக்குச் சரிதான். ஆனால் 12 ஆம் மாத முடிவில் முதலில் பாதியை, 50,000 ரூபாவை, நீங்கள் திருப்பிக் கொடுத்தாயிற்று. 13 ஆம் மாதத்திலும் வட்டி முழு ஒரு இலட்சத்துக்கே அறவிடப்படுகிறது. கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருக்கும் அவர்களுடைய முதல் 4,167 ரூபா மட்டுமே. அதற்கு வட்டி 2,000 ரூபா! குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது மாதம் 2 வீதமல்ல, ஏறக்குறைய 3.4 வீதம்; வருடத்துக்கு 41 வீதமளவில். ஆகவே "வட்டி எத்தனை வீதம்" என்று மட்டும் கேளாதீர்கள். "முழு முதலுக்கா, மீதிக்கா" என்று கேளுங்கள். தோட்டத்தில் ஒரு போகம் பிழைத்தால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். வெங்காயம் கிழமைக்குக் கிழமை காசு தருவதில்லை; தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை வருகிறது.

இந்த நோயை அரசும் அறியாததல்ல. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் வரையான நுண்கடன்களை இரத்துச் செய்ய முன்வந்தார்கள். 2021 இல் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வடக்குப் பெண்களின் கண்ணீரும் அதுவே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தோரின் தவணைகளும் கூடின. கொழும்பில் ஒரு மேசையில் எடுக்கும் தீர்மானம் எமது கிணற்றடிக்கு வந்து சேர ஒரு மாதமும் செல்வதில்லை.

பிணை நிற்போருக்கும் ஒரு வார்த்தை. பிணை என்பது சாட்சிக் கையொப்பம் அல்ல. பல படிவங்களில், முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பார்க்கவேண்டும் என்ற உரிமையைப் பிணையாளி விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால் வங்கி நேரே உங்களிடம் வரலாம். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் உங்கள் பெயர் பதியப்படும். நாளை உங்கள் பிள்ளைக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் உத்தியோகத்தில் இருக்கும் உறவினர் தயங்குகிறார்கள். அவர்கள்மேல் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், பஞ்சத்தில் தானியம் வாங்கத் தம் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் ஈடு வைத்த மக்கள், பிள்ளைகளே அடிமையாகிறார்கள் என்று முறையிடுகிறார்கள். நெகேமியா அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை. கடன் கொடுத்த பெரியவர்களைக் கூட்டி, வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இணைச்சட்ட நூல், ஒருவனுடைய திரிகைக் கல்லை ஈடாக வாங்காதே என்கிறது. அது அவன் உயிரையே ஈடாக வாங்குவது போன்றது. இடம்பெயர்ந்த விவசாயியின் திரிகைக் கல் அவனது காணி. எமது மக்களிடம் அதை வங்கி வாங்கவில்லை. வேறு கைகள் எடுத்துக்கொண்டன. வங்கியோ அது இல்லையென்பதையே காரணம் காட்டுகிறது.

எனவே நாம் கேட்பது தானமல்ல. காணி விடுவிக்கப்படாத குடும்பத்தின் பிள்ளைக்கு, உறுதியின் பிரதியையும் பிரதேச செயலாளரின் உறுதிப்படுத்தலையும் கொண்டு, அரசே பிணை நிற்கட்டும். அந்தக் காணியை வைத்திருப்பது அரசுதானே! வன்னியில் அனுமதிப்பத்திரக் காணியில் இருப்போரும் அதை விரும்பியபடி ஈடு வைக்க முடியாது. அவர்களுக்கும் இதே வழி வேண்டும். அதுவரைக்கும் எமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் கல்விக்கென ஒரு தனிக் கணக்கைத் தொடங்கலாம். போகம் முடிந்தபின் கட்டும் தவணை, அங்கத்தவர் ஐவர் கூட்டாகப் பிணை. இதற்குச் சில பங்குகளில் எதிர்ப்பு இருப்பதை அறிவோம். முன்னர் ஐவர் குழுவில் நின்று பிறர் கடனைக் கட்டிய அனுபவம் கசப்பானது. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அங்கே இலாபம் கம்பனிக்குப் போனது. இங்கே வட்டி சங்கத்துக்கே திரும்பும், கணக்குப் புத்தகமும் உங்கள் கண்முன் இருக்கும்.

அந்தத் தகப்பனின் படிவம் இன்னும் பூரணமாகவில்லை. ஒரு பிணையாளி, ஓய்வுபெறாத ஓர் ஆசிரியை, சம்மதித்திருக்கிறார்; இரண்டாமவரைத் தேடுகிறோம். மகள் இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். கடன் கிடைத்தாலும் அதை விடமாட்டேன் என்கிறாள். வேறு எவரிடமாவது இத்தகைய படிவம் இருந்தால், கையொப்பமிடுமுன் பங்குமனைக்குக் கொண்டு வாருங்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வரிக்கு வரி சேர்ந்து வாசிப்போம்.