48 மணி நேரத்தில் ஆய்வகம் போகுமா ரத்தக்கறை? போலீசுக்கு சுப்ரீம் கோர்ட்டு வைத்த பரீட்சை

திண்டுக்கல்,

கொலை நடந்த இடத்துக்கு மோப்பநாய் வருகிறது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. கைரேகை நிபுணர்கள் வந்து போகிறார்கள். மறுநாள் பேப்பரில் ‘தடயங்கள் சேகரிக்கப்பட்டன’ என்று ஒரு வரி வருகிறது. அதோடு ஜனங்களும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த தடயம் அப்புறம் எங்கே போகிறது? எத்தனை நாள் கழித்து போகிறது? யார் யார் கை மாறுகிறது? வழக்கு நிற்பதும் சாய்வதும் இதில்தான் இருக்கிறது.

சுருளி அருவி வழக்கு

பக்கத்து தேனி மாவட்டத்தில் நடந்ததே இதற்கு சாட்சி. சுருளி அருவி பகுதியில் 2011-ம் ஆண்டு மே மாதம் ஒரு காதல் ஜோடி கொடூரமாக கொலை செய்யப்பட்டது. கைதானவருக்கு தேனி கோர்ட்டு 2018-ல் தூக்கு தண்டனை விதித்தது. மதுரை ஐகோர்ட்டு கிளை 2019-ல் அதை உறுதி செய்தது.

ஆனால் 2025-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. சாட்சியங்களில் ஓட்டை இருந்தது. டி.என்.ஏ. அறிக்கையும் கைகொடுக்கவில்லை. மாதிரிகள் யார் பொறுப்பில் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. ஆய்வகத்துக்கு ஏன் தாமதமாக போனது என்பதற்கும் பதில் இல்லை. நடுவில் மாதிரி கெட்டிருக்கலாம், கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

விளைவு? ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தூக்கு கயிற்றின் நிழலில் இருந்தார். பிள்ளைகளை பறிகொடுத்த 2 குடும்பங்களுக்கு 14 வருஷம் கழித்தும் யார் கொன்றது என்று தெரியவில்லை.

புதிய உத்தரவு

இதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் சில கட்டளைகளை சுப்ரீம் கோர்ட்டு போட்டது. டி.என்.ஏ. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய் சேர வேண்டும். தாமதம் ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வழக்கு முடியும் வரை யார் கையில் இருந்து யார் கைக்கு போனது என்று பதிவேடு இருக்க வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் சீலை பிரிக்கக்கூடாது.

தூரம் பிரச்சினை இல்லை

திண்டுக்கல்லில் இருந்து மதுரை வட்டார தடய அறிவியல் ஆய்வகத்துக்கு பஸ்சில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சென்னை தலைமை ஆய்வகத்துக்கு போனாலும் ஒரு ராத்திரி ரெயில். ஆக, 48 மணி நேரம் தாராளம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாதிரியை கோர்ட்டில் ஒப்படைத்து, மாஜிஸ்திரேட்டு கடிதம் வாங்கி, ஒரு போலீஸ்காரர் கையில் கொடுத்து அனுப்புவதுதான் காலம் காலமாக உள்ள வழக்கம். அந்த போலீஸ்காரருக்கு பழனி தைப்பூச பந்தோபஸ்து டூட்டி விழுந்தால்? நடுவில் 2 நாள் கோர்ட்டு லீவு வந்தால்? ரத்தக்கறை காத்திருக்க வேண்டியதுதான்.

அது சும்மா காத்திருக்காது. ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி காகித கவரில்தான் வைக்க வேண்டும். ரத்த மாதிரிக்கு குளிர்ச்சி வேண்டும். சமவெளி வெயிலில் ஸ்டேஷன் பீரோவில் கிடந்தால் கோடி ரூபாய் மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பூட்டு உடைத்தாலும் நிபுணர்

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறை சட்டம் இன்னொரு பொறுப்பையும் சுமத்தியிருக்கிறது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்.

கொலை, கற்பழிப்பு மட்டும் அல்ல. வீடு புகுந்து திருடுவதற்கும் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. பூட்டுக்கு பேர் போன திண்டுக்கல்லில் ஒரு வீட்டு பூட்டை உடைத்து நகையை தூக்கினாலும் நிபுணர் வந்தாக வேண்டும். வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று ஒரே ராத்திரியில் 4 இடத்தில் நடந்தால் எத்தனை நிபுணர் வேண்டும்?

கண்டுபிடிப்பு பழசு

டி.என்.ஏ. கைரேகையை இங்கிலாந்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டுபிடித்தது 1984-ல். அங்கே முதல் கொலை வழக்கில் அது முதலில் காப்பாற்றியது, போலீசில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு அப்பாவி சிறுவனை. அதன் பிறகுதான் உண்மை குற்றவாளி 1988-ல் தண்டிக்கப்பட்டான்.

நமக்கும் இது புதுசு இல்லை. சென்னையில் 1849-லேயே ரசாயன ஆய்வகம் வந்துவிட்டது. 1991-ல் ராஜீவ்காந்தி கொலை வழக்கில் தமிழக தடய அறிவியல் துறை செய்த வேலை நாடறிந்தது. பெரிய வழக்கு என்றால் ராத்திரி பகலாக வேலை நடக்கிறது. கூலித்தொழிலாளி வீட்டு வழக்குக்கும் அதே கவனிப்பு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

திண்டுக்கல் மறக்கவில்லை

12 வயது சிறுமி கொலை வழக்கில் கைதான வாலிபரை திண்டுக்கல் மகளிர் கோர்ட்டு 2020 செப்டம்பரில் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. நியாயம் கேட்டு அடுத்த மாதம் தமிழகம் முழுக்க சலூன் கடைகள் அடைக்கப்பட்டன. “அப்போ ஆதாரம் எங்கேய்யா?” என்பதுதான் அன்றைக்கு தெருவுக்கு தெரு கேட்ட கேள்வி.

அந்த கேள்விக்கு பதில் சொல்ல ஆராய்ச்சி கூடம் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காகித கவர், குளிர்பெட்டி, ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டும். ஆய்வகங்களில் காலி இடம் விழுந்தால் உடனே நிரப்ப வேண்டும். திண்டுக்கல்லில் இப்போது அரசு மருத்துவக்கல்லூரியும் இருக்கிறது. டாக்டர்களும் போலீசாரும் சேர்ந்து பயிற்சி நடத்த வெளியூர் போக வேண்டியது இல்லை.

பொதுமக்களுக்கும் வேலை இருக்கிறது. சம்பவம் நடந்த இடத்தில் கூட்டம் கூடி மிதிக்காதீர்கள். எதையும் தொட்டு நகர்த்தாதீர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர் போட்டிருந்த துணியை துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் காகிதத்தில் சுற்றி கொடுங்கள். “சாம்பிள் எந்த தேதியில் ஆய்வகத்துக்கு போச்சு?” என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். 48 மணி நேர உத்தரவு இருக்கிறது என்பதையும் சேர்த்து சொல்லுங்கள்.